ஒரு கேலன் எத்தனை லிட்டர்?

ஒரு கேலன் எத்தனை லிட்டர்? இந்தக் கேள்விக்கு ஒரு நூலில் 4.546 என்று விடை இருக்கும். மற்றொரு நூலில் 3.785 என்று இருக்கும். இவற்றுள் எது சரி? இரண்டுமே சரிதான். முதலாவது இங்கிலாந்தில் வழங்கிவந்த கேலன். இரண்டாவது ஐக்கிய அமெரிக்க நாடுகளில் இன்றும் வழங்கும் கேலன். பெயர் ஒன்று, அளவு வேறு.

இத்தகைய எண்களை அட்டவணையிலிருந்து மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது மாணவர் பலரின் வழக்கம். மனப்பாடம் செய்யவே தேவையில்லை. இரண்டே எண்களை நினைவில் வைத்துக்கொண்டால், அமெரிக்கத் திரவ அளவுகள் அனைத்தையும் மெட்ரிக் அளவுகளாக நாமே மாற்றிவிடலாம். அந்த இரண்டு எண்கள் 231, 2.54 என்பனவாகும். இவை எங்கிருந்து வந்தன, இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இன்னொன்றையும் காண்போம். பெருக்கலும் வகுத்தலும் பிழையில்லாமல் செய்திருந்தும் விடை தவறாகிவிடுவது உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதாமல் விடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். 1983 ஆம் ஆண்டில், இத்தகைய ஒரு தவற்றால் 69 பேருடன் பறந்துகொண்டிருந்த விமானம் ஒன்றில் நடுவானிலேயே எரிபொருள் தீர்ந்துபோயிற்று.

லிட்டர் பிறந்த கதை

முதலில் நமக்குப் பழக்கமான லிட்டரைப் பார்ப்போம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1795 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று மெட்ரிக் அளவுகளை வகுத்தது. நீளத்திற்கு மீட்டர் அடிப்படை. மீட்டரில் பத்தில் ஒரு பங்கு டெசிமீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டி கொள்ளும் அளவே ஒரு லிட்டர்.

10 × 10 × 10 = 1000. ஆகவே ஒரு லிட்டர் என்பது 1000 கன சென்டிமீட்டர். ஒரு மில்லிலிட்டரும் ஒரு கன சென்டிமீட்டரும் ஒன்றே. ஆய்வகத்தில் நீங்கள் பயன்படுத்தும் அளவு ஜாடியில் கோடுகளுக்கு அருகே மி.லி. என்று எழுதியிருந்தாலும் க.செ.மீ. என்று எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றுதான்.

லிட்டரும் ஒரு காலத்தில் சற்றே தடுமாறியது என்பது பலருக்குத் தெரியாது. 1901 இல் கூடிய பன்னாட்டு மாநாடு, ஒரு கிலோகிராம் தூய நீர் மிகுந்த அடர்த்தி கொண்ட நிலையில் அடைத்துக்கொள்ளும் இடமே ஒரு லிட்டர் என்று வரையறுத்தது. அந்த இடம் 1000 கன சென்டிமீட்டராக அமையவில்லை, 1000.028 கன சென்டிமீட்டராக அமைந்தது. வேறுபாடு மிகச் சிறியதுதான். ஆனாலும் நுட்பமான ஆய்வுகளில் குழப்பம் விளைந்தது. எனவே 1964 இல் அந்த வரையறை நீக்கப்பட்டது. அன்று முதல் லிட்டர் மீண்டும் சரியாக 1000 கன சென்டிமீட்டர் ஆயிற்று.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: லிட்டர் தனியான அலகு அன்று. அது நீளத்திலிருந்து பிறந்தது. கேலனும் அப்படித்தான்.

கேலன் பிறந்த கதை

பழைய இங்கிலாந்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு கேலன் இருந்தது. திராட்சை மதுவை அளக்க ஒன்று, பார்லியிலிருந்து செய்யும் ஏல் என்ற மதுவை அளக்க வேறொன்று, தானியத்தை அளக்க மற்றொன்று. 1707 ஆம் ஆண்டில், ஆன் அரசியின் ஆட்சிக்காலத்தில், திராட்சை மது கேலனுக்குச் சட்டப்படியான வரையறை கிடைத்தது. 7 அங்குல விட்டமும் 6 அங்குல ஆழமும் உள்ள உருளை வடிவப் பாத்திரம், அல்லது 231 கன அங்குலம் கொள்ளும் பாத்திரம், ஒரு கேலன் எனப்பட்டது.

உருளையின் கன அளவைக் காணும் வாய்பாடு உங்களுக்குத் தெரியும். ஆரத்தின் வர்க்கத்தை உயரத்தாலும் π என்ற மாறிலியாலும் பெருக்க வேண்டும். ஆரம் 7/2 அங்குலம்; உயரம் 6 அங்குலம். π இன் மதிப்பு 22/7 என்று கொள்வோம்.

22/7 × 7/2 × 7/2 × 6 = 231

பின்னமே இல்லாமல் 231 வந்துவிட்டது. உண்மையில் π இன் மதிப்பு 22/7 ஐ விடச் சற்றுக் குறைவு. ஆகவே துல்லியமாகக் கணக்கிட்டால் அந்த உருளை 230.9 கன அங்குலம்தான் கொள்ளும். நாம் பள்ளியில் கையாளும் அதே 22/7 தான் இன்றும் அமெரிக்கக் கேலனுக்குள் ஒளிந்திருக்கிறது.

1776 இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனிலிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்தன. ஆட்சி மாறினாலும் கடையிலும் துறைமுகத்திலும் புழங்கிய அளவுகள் மாறவில்லை. 1832 இல் அமெரிக்கக் கருவூலத் துறை, சுங்கச் சாவடிகளில் பயன்படுத்துவதற்கு 231 கன அங்குலக் கேலனையே ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையில் பிரிட்டன் தன் வழியில் சென்றது. 1824 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று பழைய கேலன்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிய கேலன் ஒன்றைக் கொண்டுவந்தது. 62 பாரன்ஹீட் பாகை வெப்பநிலையில் 10 பவுண்டு நீர் அடைத்துக்கொள்ளும் இடமே புதிய கேலன். அது சுமார் 277 கன அங்குலம் இருந்தது. இதுவே இம்பீரியல் கேலன். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கும் இது பரவியது. நம் நாட்டுப் பழைய நூல்களில் வரும் கேலனும் பெரும்பாலும் இதுதான்.

ஆக, அமெரிக்கா புதிதாக ஒன்றைப் படைத்துவிடவில்லை. பிரிட்டன் கைவிட்ட பழைய கேலனை அது விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

இரண்டையும் இணைக்கும் பாலம்

லிட்டர் சென்டிமீட்டரிலிருந்து பிறந்தது. அமெரிக்கக் கேலன் அங்குலத்திலிருந்து பிறந்தது. ஆகவே அங்குலத்துக்கும் சென்டிமீட்டருக்கும் உள்ள தொடர்பு தெரிந்தால் போதும். கேலனுக்கும் லிட்டருக்கும் பாலம் கிடைத்துவிடும்.

அமெரிக்கா மெட்ரிக் முறையை முற்றிலும் ஒதுக்கிய நாடு என்று பலர் நினைக்கின்றனர். இது சரியன்று. 1866 லேயே மெட்ரிக் அளவுகளைப் பயன்படுத்துவதற்கு அந்நாட்டுச் சட்டம் இசைவு தந்தது. 1893 இல் அந்நாட்டு அளவைத் துறை ஒரு படி மேலே சென்றது. கெஜத்துக்கும் பவுண்டுக்கும் தனியான மூலப்படிகளை நம்பியிராமல், மீட்டரையும் கிலோகிராமையும் கொண்டே அவற்றை வரையறுக்க முடிவு செய்தது. அதாவது, அமெரிக்கக் கடைக்காரர் கெஜக்கோலால் துணியை அளந்தாலும் அந்தக் கெஜக்கோலுக்கு ஆதாரம் மீட்டரே ஆயிற்று.

அதன் பின்னும் அமெரிக்க அங்குலமும் பிரிட்டிஷ் அங்குலமும் மயிரிழை அளவு வேறுபட்டிருந்தன. 1959 இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஓர் அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர் என்பதே அந்த உடன்பாடு. இது தோராயமான எண் அன்று. 2.54 க்குப் பிறகு எத்தனை சுழிகள் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைச் செய்து பார்ப்போம். ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் உள்ள கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம்.

1 கன அங்குலம் = 2.54 × 2.54 × 2.54 = 16.387064 கன சென்டிமீட்டர்

1 அமெரிக்கக் கேலன் = 231 × 16.387064 = 3785.411784 கன சென்டிமீட்டர்

லிட்டராக்க 1000 ஆல் வகுத்தால் 3.785411784 லிட்டர் கிடைக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 3.785 இதுதான். இந்த எண்ணின் கடைசி இலக்கம் வரை துல்லியமானது. யாரும் பாத்திரத்தில் நீரூற்றி அளந்து கண்டறிந்ததன்று.

மீட்டரோ 1983 முதல் ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458 இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவே மீட்டர். ஆகவே அமெரிக்காவில் ஒரு கேலன் பால் வாங்குபவரும் தம்மை அறியாமலே ஒளியின் வேகத்தைக் கொண்டுதான் பாலை அளந்து வாங்குகிறார்.

கேலனின் குடும்பம்

கேலனுக்குக் கீழே பல சிறிய அலகுகள் உள்ளன. மெட்ரிக் முறையில் பத்துப் பத்தாகப் பிரிப்பது போல இங்கே பிரிப்பதில்லை. பெரும்பாலும் பாதி பாதியாகவே பிரித்துக்கொண்டு போகிறார்கள். பாத்திரத்தில் உள்ளதை இரண்டு சமபங்காக ஊற்றுவது எளிது அல்லவா? அமெரிக்கத் திரவ அளவுகள் வருமாறு:

1 கேலன் = 4 குவார்ட் = 3.785 லிட்டர்
1 குவார்ட் = 2 பைண்ட் = 946 மி.லி.
1 பைண்ட் = 2 கப் = 473 மி.லி.
1 கப் = 8 திரவ அவுன்ஸ் = 237 மி.லி.
1 திரவ அவுன்ஸ் = 2 மேசைக்கரண்டி = 29.57 மி.லி.
1 மேசைக்கரண்டி = 3 தேக்கரண்டி = 14.79 மி.லி.
1 தேக்கரண்டி = 4.93 மி.லி.

ஒரு கேலனில் 128 திரவ அவுன்ஸ் அடங்கும். ஆனால் இம்பீரியல் கேலனை 160 திரவ அவுன்ஸாகப் பிரித்தனர். இதனால் ஒரு விந்தை நிகழ்கிறது. இம்பீரியல் கேலன் அமெரிக்கக் கேலனைவிடப் பெரியது. ஆனால் இம்பீரியல் அவுன்ஸ், அமெரிக்க அவுன்ஸைவிடச் சிறியது. 4546 ஐ 160 ஆல் வகுத்துப் பாருங்கள்; 28.41 மி.லி. வரும். அமெரிக்க அவுன்ஸ் 29.57 மி.லி. அல்லவா? எனவே அவுன்ஸ், பைண்ட், கேலன் என்ற பெயர்களைக் காணும்போதெல்லாம் அவை எந்த நாட்டு அளவு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவுன்ஸ் என்ற பெயரில் ஓர் எடை அலகும் உண்டு. அது சுமார் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் குறிப்பது. அவுன்ஸ் எடையைக் குறிப்பது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது. தானியங்களை அளக்கும் அமெரிக்கப் பைண்டும் வேறு. அது சுமார் 551 மி.லி.

கேலனுக்கு மேலே உள்ள அலகுகளுள் நாம் அடிக்கடி கேள்விப்படுவது பீப்பாய். கச்சா எண்ணெயின் விலையை நாளிதழ்கள் பீப்பாய்க்கு இத்தனை டாலர் என்றே வெளியிடுகின்றன. 1859 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பின், எண்ணெயை மரப் பீப்பாய்களில் ஏற்றி அனுப்பினார்கள். பீப்பாய்களின் அளவு ஒரே மாதிரியாக இல்லாததால் வாங்குவோருக்கும் விற்போருக்கும் தகராறு ஏற்பட்டது. 42 கேலன் கொண்டதே ஒரு பீப்பாய் என்ற வழக்கம் பின்னர் நிலைபெற்றது. இன்று எண்ணெய் குழாய்களிலும் கப்பல்களிலும் செல்கிறது. மரப் பீப்பாய் மறைந்துவிட்டது. அதன் அளவு மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு பீப்பாய் 42 × 3.785 = சுமார் 159 லிட்டர்.

மாற்றும் முறை

அளவுகளை மாற்றும்போது மாணவர்களுக்கு எழும் முதல் ஐயம், பெருக்குவதா வகுப்பதா என்பதே. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. அலகையும் எண்ணைப் போலவே எழுதி, மேலும் கீழும் ஒரே அலகு வரும்போது அடித்துவிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, 15 கேலனை லிட்டராக்க வேண்டும் என்று கொள்வோம்.

15 கேலன் × (3.785 லிட்டர் / 1 கேலன்) = 56.8 லிட்டர்

மேலே உள்ள கேலனும் கீழே உள்ள கேலனும் அடிபட்டுப் போயின. லிட்டர் மட்டும் எஞ்சியது. மறந்துபோய் வகுத்திருந்தால் என்ன ஆகும்?

15 கேலன் × (1 கேலன் / 3.785 லிட்டர்) = 3.96 கேலன் × கேலன் / லிட்டர்

இப்படி ஓர் அலகு உலகில் எங்கும் இல்லை. எண்ணை மட்டும் எழுதியிருந்தால் 3.96 என்பது நல்ல விடை போலவே தோன்றியிருக்கும். அலகை எழுதியதால் தவறு உடனே தெரிந்துவிட்டது.

அடுத்து, கன அளவுகளில் மட்டும் வரும் ஒரு பிழையைக் காண்போம். ஓர் அடி என்பது 30.48 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு கன அடி எத்தனை கன சென்டிமீட்டர்? 30.48 என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. நீளத்தோடு அகலமும் உயரமும் மாறுகின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சரியான விடை 30.48 × 30.48 × 30.48 = 28,317 கன சென்டிமீட்டர்; அதாவது 28.3 லிட்டர். தவறான விடையைப் போல இது 900 மடங்குக்கும் மேல்!

மற்றோர் எடுத்துக்காட்டு. ஒரு கார் ஒரு கேலனுக்கு 30 மைல் ஓடும் என்று நூல் ஒன்றில் படிக்கிறீர்கள். நம் கணக்கில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? ஒரு மைல் 1.609 கிலோமீட்டர்.

30 மைல் × 1.609 = 48.27 கிலோமீட்டர்

அமெரிக்க நூலாக இருந்தால் இதை 3.785 ஆல் வகுக்க வேண்டும். விடை லிட்டருக்கு 12.75 கிலோமீட்டர். பிரிட்டிஷ் நூலாக இருந்தால் 4.546 ஆல் வகுக்க வேண்டும், விடை 10.62 கிலோமீட்டர். இரண்டு நூல்களிலும் அச்சாகியிருப்பது 30 என்ற எண்தான். ஆனால் கார்கள் இரண்டும் ஒன்றல்ல.

மனக்கணக்குக்கு ஏற்ற சில தோராய எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு திரவ அவுன்ஸ் ஏறத்தாழ 30 மி.லி. 5 இம்பீரியல் கேலன் ஏறத்தாழ 6 அமெரிக்கக் கேலன். கணக்கைச் செய்து முடித்ததும் விடை இந்தத் தோராயத்துக்கு அருகில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எத்தனை இலக்கங்கள் வேண்டும்?

மீன்தொட்டி ஒன்று சுமார் 10 கேலன் கொள்ளும் என்று ஒருவர் சொல்கிறார். அதை 37.85411784 லிட்டர் என்று எழுதலாமா? பெருக்கல் சரிதான்; ஆனால் எழுதியது பொருத்தமற்றது. சுமார் என்று சொன்னவரின் அளவில் அரைக் கேலன் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது இரண்டு லிட்டர் வரை வேறுபாடு இருக்கலாம். அதை எட்டுத் தசம இடங்கள் வரை எழுதுவது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகும். சுமார் 38 லிட்டர் என்று எழுதுவதே முறை. மாற்றும் எண் துல்லியமாக இருப்பதால், அளந்த அளவும் துல்லியமாகிவிடாது.

நடைமுறைக்காக எண்களை முழுமையாக்கிக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவில் உணவுப் பொட்டலங்களின் ஊட்டச்சத்துக் குறிப்புகளில் ஒரு கப் 240 மி.லி. என்றும், ஒரு திரவ அவுன்ஸ் 30 மி.லி. என்றும், ஒரு தேக்கரண்டி 5 மி.லி. என்றும் கொள்ள வேண்டும் என்று அந்நாட்டு விதிகள் கூறுகின்றன. எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்று தெரிந்துகொள்வதும் அளவை அறிவியலின் ஒரு பகுதிதான்.

கன அளவும் எடையும்

கன அளவைக் கன அளவாக மாற்றுவதற்கு ஓர் எண் போதும். கன அளவை எடையாக மாற்றுவதற்கு அந்தப் பொருளின் அடர்த்தியும் தெரிய வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம். ஆனால் ஒரு லிட்டர் விமான எரிபொருள் சுமார் 0.8 கிலோகிராம்தான். இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட விமானத்தின் கதைக்கு வருவோம்.

எரிபொருளை விமானத்தில் ஊற்றும் வண்டி, அதை லிட்டராகவோ கேலனாகவோ அளக்கும். விமானிக்கோ அதன் எடை தேவை. விமானம் சுமந்து செல்ல வேண்டியது எடையைத்தான். மேலும், வெப்பநிலை மாறினால் எரிபொருளின் கன அளவும் மாறும், எடை மாறாது.

1983 ஜூலை 23 அன்று, ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியல் நகரிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்ல இருந்தது. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அந்நிறுவனத்தின் பழைய விமானங்களில் எரிபொருளைப் பவுண்டுக் கணக்கில் குறித்தார்கள். புதிதாக வந்த 767 விமானத்திலோ கிலோகிராம் கணக்கு. அன்று அந்த விமானத்தின் எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை. எனவே அளவுக் குச்சியால் தொட்டிகளை அளந்து பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவைப்பட்டது 22,300 கிலோகிராம்.

லிட்டரை எடையாக்க 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள்.

7,682 × 1.77 = 13,597
22,300 − 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,917

ஆகவே இன்னும் 4,917 லிட்டர் ஊற்றினால் போதும் என்று முடிவு செய்தார்கள். பெருக்கல், கழித்தல், வகுத்தல் மூன்றிலும் பிழை இல்லை. 1.77 என்ற எண்ணும் தவறானதன்று. ஒரு லிட்டர் எரிபொருள் 1.77 பவுண்டு எடை உள்ளதுதான். ஆனால் கிலோகிராமில் அது 0.803. முதல் வரியை அலகோடு எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்:

7,682 லிட்டர் × 1.77 பவுண்டு / லிட்டர் = 13,597 பவுண்டு

அடுத்த வரியில் 22,300 கிலோகிராமிலிருந்து 13,597 பவுண்டைக் கழிக்க முயலும்போதே கை நின்றிருக்கும். சரியான கணக்கு இதோ:

7,682 லிட்டர் × 0.803 கி.கி. / லிட்டர் = 6,169 கி.கி.
22,300 கி.கி. − 6,169 கி.கி. = 16,131 கி.கி.
16,131 கி.கி. ÷ 0.803 கி.கி. / லிட்டர் = சுமார் 20,090 லிட்டர்

20,090 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் ஊற்றினார்கள். விமானத்தில் இருந்த மொத்த எரிபொருள் சுமார் 10,100 கிலோகிராம். தேவையில் பாதிகூட இல்லை. ஒட்டாவாவில் மீண்டும் ஒருமுறை அளந்தார்கள். அங்கும் அதே 1.77 ஆல் பெருக்கியதால் தவறு வெளிப்படவில்லை. ஒரே தவறான வழியில் இரண்டு முறை சரிபார்த்தாலும் அது சரிபார்த்ததாகாது.

விமானம் 41,000 அடி உயரத்தில், அதாவது சுமார் 12,500 மீட்டர் உயரத்தில், பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்தது. முதலில் ஓர் எஞ்சின் நின்றது. பிறகு மற்றதும் நின்றது. தலைமை விமானி ராபர்ட் பியர்சன், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குவின்டல், கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் முன்பு பணியாற்றியவர். அந்தத் தளம் அருகில் இருப்பது அவர் நினைவுக்கு வந்தது. எஞ்சினே ஓடாத அந்தப் பெரிய விமானத்தை இருவரும் காற்றில் மிதக்கவிட்டே கிம்லியில் இறக்கினார்கள். அந்த ஓடுபாதையின் ஒரு பகுதியில் அன்று கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்தோர் விலகி ஓடித் தப்பினர். விமானத்தில் இருந்த 69 பேரில் சிலருக்குச் சிறு காயங்கள் ஏற்பட்டன. ஒருவரும் உயிரிழக்கவில்லை. விமானிகளின் திறமை அத்தனை பேரையும் காப்பாற்றியது.

மருந்தும் கரண்டியும்

விமானம் போன்ற பெரிய செய்திகளில் மட்டுமல்லாமல், வீட்டிலும் அலகு முக்கியமானது. அமெரிக்காவில் குழந்தைகளுக்குரிய திரவ மருந்துகளின் அளவை நீண்ட காலமாகத் தேக்கரண்டிக் கணக்கில் சொல்லிவந்தார்கள். தேக்கரண்டிக்கும் மேசைக்கரண்டிக்கும் ஆங்கிலச் சுருக்கக் குறியில் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஆனால் மேசைக்கரண்டி மூன்று மடங்கு பெரியது. ஒன்றுக்கு ஒன்றை மாற்றிப் படித்தால் குழந்தைக்கு மூன்று மடங்கு மருந்து போய்விடும். சமையலறையில் உள்ள கரண்டிகளும் எல்லாம் ஒரே அளவானவை அல்ல. எனவே திரவ மருந்துகளின் அளவை மில்லிலிட்டரில் மட்டுமே குறிக்க வேண்டும், கோடு போட்ட சிரிஞ்சி போன்ற கருவியால் அளந்து கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2015 இல் பரிந்துரைத்தது. நம் வீட்டிலும் மருந்தோடு வரும் அளவு மூடியையோ அளவுக் குழாயையோ பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

நீங்களே செய்து பாருங்கள்

கீழ்க்கண்ட கணக்குகளை அட்டவணையைப் பாராமல், 231, 2.54 என்ற இரண்டு எண்களிலிருந்து தொடங்கிச் செய்ய முயலுங்கள். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுத மறவாதீர்கள்.

1. ஓர் அமெரிக்க நீர்த் தொட்டி 50 கேலன் கொள்ளும். அது எத்தனை லிட்டர்?
2. ஒரு புட்டியில் 750 மி.லி. சாறு உள்ளது. அது எத்தனை அமெரிக்கத் திரவ அவுன்ஸ்?
3. ஒரு தொட்டியின் நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1½ அடி. அது எத்தனை லிட்டர் கொள்ளும்? எத்தனை அமெரிக்கக் கேலன் கொள்ளும்?
4. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 80 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டரின் விலை என்ன?

விடைகள்: (1) சுமார் 189 லிட்டர். (2) சுமார் 25.4 திரவ அவுன்ஸ். (3) சுமார் 85 லிட்டர், சுமார் 22.4 கேலன். (4) சுமார் அரை டாலர்.

மூன்றாவது கணக்கில் 1 லிட்டருக்கும் குறைவான விடை உங்களுக்கு வந்திருந்தால், அடியைச் சென்டிமீட்டராக மாற்றும்போது மூன்று முறை பெருக்க வேண்டியதை ஒரு முறையோடு நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். 2 அடி நீளத் தொட்டியில் அவ்வளவு குறைவாகவா நீர் கொள்ளும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பிழை எங்கே என்று உடனே புலப்படும்.